இடது காதுக்குக் கேட்காதது

என் அருமை அரைச் செவிடருக்கு,

நம் மேல்முறையீட்டைத் தள்ளிய அதே நீதிபதிகளிடம் இன்று சீராய்வு மனு கொடுத்துவிட்டோம். நான் அழவில்லை, கண்ணில் தூசி. வக்கீல் அம்மாவுக்கும் அதே தூசிதான்.

கிடங்கில் திருட்டு நடந்தபோது, காவலாளி உங்கள் இடது காதருகே "யாருப்பா அது?" என்று மெதுவாகக் கேட்டதும் திரும்பிப் பார்த்துவிட்டு ஓடினீர்களாம். அதை நம்பித்தான் தண்டனையை உறுதி செய்தார்கள். அந்தக் காது கேட்காது என்ற மருத்துவச் சான்று கோப்பிலேயே கிடக்கிறது. தீர்ப்பில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

"டாக்டர் எதுக்கும்மா? என்னைக் கூண்டுல ஏத்துங்க. கல்யாணம் ஆனதுலேருந்து திட்டு முழுக்க அந்தக் காதுலதான் கொட்டியிருக்கேன். மனுஷன் ஒரு தடவைகூட முகம் சுளிச்சதில்ல" என்றேன்.

வக்கீல் அம்மா சிரித்துவிட்டார். "இப்போ புது சாட்சியெல்லாம் கேக்க மாட்டாங்கம்மா. இருக்கறதைத் திரும்பப் படிங்கன்னுதான் கெஞ்சலாம்."

படிக்கட்டும்.

அடுத்த முறை நான் சிறைக்குப் பார்க்க வரும்போது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போனை வலது காதில் வையுங்கள். போன வாரம் என் முகத்தைப் பார்த்ததுமே திட்டப்போகிறேன் என்று இடது காதில் வைத்துக்கொண்டு, சமர்த்தாகத் தலையாட்டினீர்கள்.

அன்று நான் சொன்னது திட்டு இல்லை.

இப்படிக்கு,
உங்கள் வலப்பக்கத்துக்காரி