கூட்டேரிப்பட்டில் நின்றவள் நீதான்

புருஷன் பெயரைச் சொல்லாமலே குடும்பம் நடத்தி முடித்த என் செல்ல அம்மாவுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை விழுப்புரத்தில் ஒரு கூத்து நடந்தது. ஒரு ஜவுளிக்கடைக்காரர் கல்யாண மண்டபம் பிடித்து, புருஷனும் பெண்டாட்டியும் மேடையேறித் தங்கள் வாழ்க்கையில் நடந்த உண்மைக் கதையைச் சொல்லவேண்டும், நல்ல கதைக்குக் குக்கர் பரிசு என்று அறிவித்திருந்தார். உண்மைக்குக் குக்கர்! உனக்குச் சிரிப்பு வருகிறதா?

திண்டிவனத்து ஜோடி ஒன்று, "கல்யாணம் ஆனதுலேருந்து நாங்க ஒரு நாள்கூட சண்ட போட்டதில்லைங்க" என்றது. மேடையேறும்வரை என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, "எதனா ஒளறிவச்ச, ஊட்டுக்கு வா, பேசிக்கிறேன்" என்று புருஷனைக் கிள்ளிக்கொண்டிருந்தவள்தான் அந்த மனைவி. மண்டபமே கைதட்டியது. வாய் கூசாத ஜென்மங்கள்.

அடுத்து யார் ஏறினார்கள் தெரியுமா? உன் வீட்டுக்காரர். கூடவே அலமேலு. நீ கண்மூடி வருஷம் திரும்புமுன் அவர் கட்டிக்கொண்டு வந்தவள். நான் அவளை 'அந்தம்மா' என்பதோடு சரி.

அப்பா மைக்கைப் பிடித்தார். "புதுசா கல்யாணம் ஆகி மறுவீட்டுக்குப் பஸ்சுல போய்க்கினு இருக்கோம். கூட்டேரிப்பட்டுல டீ குடிக்க எறங்கினேன். என்னைத் தேடிக்கினு இதுவும் எறங்கிடுச்சு. நான் பின்படியில ஏறிட்டேன், வண்டிய எடுத்துட்டான்" என்று அலமேலுவைக் கை காட்டினார்.

அது உன் கதை இல்லையா அம்மா? பட்டுப்புடவையோடு தனியாக நின்ற உன்னிடம் டீக்கடைக்காரர், "ஊட்டுக்காரர் பேரச் சொல்லும்மா, அடுத்த பஸ்சுல சொல்லி அனுப்புறேன்" என்றார். புருஷன் பெயரைச் சொல்லலாமா? நீ வாயைத் திறக்காமல் மயிலம் முருகன் கோயில் மலைப் பக்கம் கை காட்டினாய். அவர் முருகனா, குமாரா, சண்முகமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் களைத்து, "வேலுவா?" என்றதும் தலையாட்டினாய். விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் அந்த அடுத்த பஸ் கண்டக்டர், "பொண்டாட்டிய உட்டுட்டு வந்த வேலு யாருப்பா?" என்று கூவிய பிறகுதான் அப்பாவுக்கு உன் நினைவே வந்ததாம். மேடையிலோ, பெயர் சொல்லாமல் மலையைக் காட்டியது அலமேலுவாம்; ஐயா ஓடும் பஸ்சிலிருந்து குதித்து ஓடிவந்துவிட்டாராம்!

உன்னுடையது என்று என்னிடம் மிச்சம் இருந்ததே அந்த ஒரு கதைதான். அதையும் இன்னொருத்திக்குக் கொடுத்துவிட்டால் நான் எதைப் பிடித்துக்கொண்டு உன்னை நினைப்பது?

நிகழ்ச்சி நடத்தியவர் அலமேலுவிடம் மைக்கை நீட்டினார். "அக்கா, இப்பவாச்சும் பேரச் சொல்லுங்க!"

"வேலு" என்றாள் சட்டென்று. "நான் எப்பவும் பேரு சொல்லித்தான் கூப்புடுறது. மலையக் காட்டுன பொண்ணு நான் இல்லைங்க. அது இவரோட மொத சம்சாரம். பேரு சரோஜா. அந்த அக்கா இப்ப இல்ல. அவங்க கதைக்கு எனக்குக் குக்கர் வேணாம்."

அப்பா மைக்கைத் தட்டிப் பார்த்து, "மைக்கு சரியில்ல" என்று முணுமுணுத்தபடி இறங்கினார். குக்கர், சண்டையே போடாத ஜோடிக்குப் போனது.

வீடு திரும்பும்போது பஸ்சில் அவர், "அநியாயமா குக்கரு போச்சே" என்று புலம்பித் தூங்கிப்போனார். இவருக்கா நீ பெயர் சொல்லாமல் மரியாதை காத்தாய்? நான் மன்னிக்கவில்லை. நீயும் அவசரப்படாதே.

உன் கதை அலமேலுவுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். "இந்த ரோட்டுல வந்தாலே ஒங்கப்பா ஆரம்பிச்சிடுவாரு. அப்பல்லாம் ஒங்கம்மான்னுதான் சொல்லுவாரு. குக்கரக் கண்டதும் மாத்திட்டாரு" என்றாள். என்ன மனுஷன் அம்மா இவர்?

கூட்டேரிப்பட்டு வந்தது. அவள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "அக்கா எங்க நின்னாங்க?" என்று கேட்டாள்.

"அந்தக் கடைகிட்ட, சின்னம்மா" என்று கை காட்டினேன்.

இனி அந்தக் கதை எங்கே வந்தாலும் சரோஜா என்ற பெயரோடுதான் வரும். அப்பா மாற்றிச் சொன்னால் நாங்கள் இருவரும் குறுக்கே விழுந்து திருத்துவோம். இது சத்தியம்.

உன் கதைக்கு வாரிசான மகள்,
கவிதா