பெரியவரே, ஏறுங்க

கொலதாகா,
மே மாதம். ஆறு வற்றிக் கிடக்கிறது.

என் பெரியவருக்கு,

கும்பா அக்கா எழுதுகிறேன். உடம்பு எப்படி, சாப்பாடு எப்படி, உறக்கம் எப்படி என்று எல்லாம் கேட்டுவிட்டதாக வைத்துக்கொள். பதிலை மட்டும் அனுப்பு.

இதையும் நுவாதிபு துறைமுக முகவரிக்குத்தான் அனுப்புகிறேன். பிழைப்புத் தேடிக் கடல் தாண்ட மறுநாள் காலை படகு ஏறுவதாக அங்கிருந்து நீ எழுதி மூன்று வருடம் ஆகிறது. வேறு முகவரி எங்களிடம் இல்லை.

ஊர் மாறிவிட்டது. போன வெள்ளம் பள்ளிவாசலின் மேற்கு மூலையைக் கடித்தபோதே அது முடிவானது. இது நான்காவது கொலதாகா. முதல் ஊர் இரண்டு கிளையாறுகள் சேரும் இடத்தில் இருந்ததாம். இரண்டாவது மணல்திட்டில். மூன்றாவதில் நாம் பிறந்தோம். பள்ளிக்கூட வரைபடத்தில் நம் ஊருக்கு வைத்த புள்ளி இப்போது ஆற்றின் நடுவில் இருக்கிறது.

இறந்தவர்களையும் அழைத்து வந்தோம். நீ இதைப் பார்த்ததில்லை, நானும் இப்போதுதான் பார்த்தேன். ஆற்றுச் சடங்குகளுக்குப் பொறுப்பான நீர்த்தலைவர் கடைசிப் படகில் நின்று, கரையைப் பார்த்து, ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். பெயருக்கு ஒரு சிட்டிகை கல்லறை மண், சுரைக்குடுவையில். கூப்பிட்டவர் வருவார். கூப்பிடாதவர் தண்ணீருக்கு. உயிரோடிருப்பவரைக் கூப்பிடக் கூடாது.

நல்ல வெயில். வெங்காயக்காரன் அதிமே தன் படகில் கூடவே வந்தான். வெங்காயம் விளைக்கும் மலைக்காரர்களும் மீன்பிடிக்கும் நாமும் ஒருவரையொருவர் கேலி செய்வது வழிவழி முறை, அதைத் துக்கம் நிறுத்துமா? "மீன்தின்னிகளா, ஊரையே ஏத்திட்டீங்க, ஆத்த மட்டும் ஏன் விட்டுட்டுப் போறீங்க?" என்றான். "வாய மூடுடா வெங்காயம், கண்ணு எரியுது" என்றாள் அம்மா. சிரித்தாள். மூன்று வருடத்தில் அன்றுதான்.

நம் வீட்டு முறை வந்தது. தாத்தாவின் பெயர். நீர்த்தலைவர் இப்போது ஃபமந்தா மாமா, நம் அத்தை வீட்டுக்காரர். மாமனார் பெயரைச் சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை.

"பெரியவரே, ஏறுங்க" என்றார்.

தாத்தாவின் பெயரை உனக்கு வைத்ததால் உன்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மூக்கு ஒழுகத் தவழ்ந்து வருவாய். "பெரியவர் வர்றாரு, வழி விடுங்க" என்பார்கள். ஊரில் அந்தச் சொல்லுக்கு ஒரே ஆள்.

கரையிலிருந்து "இதோ" என்று பதில் வந்தது.

இறந்தவர்கள் பதில் சொல்வதில்லை. இளம் குரல். எல்லோரும் கேட்டோம். படகு நான்கு விரல் தாழ்ந்தது. அதிமே துடுப்பை நிறுத்தினான். "உங்க படகுல ஒரு ஆள் அதிகமா இருக்காப்ல இருக்கே" என்றான். யாரும் திருப்பிக் கேலி செய்யவில்லை. தாத்தாவை மறுபடி கூப்பிட ஒருவருக்கும் துணிவில்லை. அவர் அங்கேயே இருக்கிறார்.

புது வீட்டு வாசலில் வெள்ளைப் புழுதி. தினமும் உச்சி வேளையில் அதில் ஈரக் காலடிகள். உள்ளே வருபவை மட்டும். இடது காலில் நான்கு விரல்கள். படகு ஆணி உன் சுண்டுவிரலை எடுத்த அன்று துணி சுற்றியவள் நான். எண்ணினேன். மறுபடி எண்ணினேன். ஈரத்தைத் தொட்டு நாக்கில் வைத்தேன்.

உப்பு. நம் ஆற்றில் உப்பு இல்லை.

அம்மா அழுவதை நிறுத்திவிட்டாள். மீன் தலையை உனக்கென்று எடுத்துத் தனியாக வைக்கிறாள். "புள்ள தூங்குறான், சத்தம் போடாத" என்கிறாள். அவள் முகம் தெளிந்திருப்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

நேற்று ஃபமந்தா மாமா வந்தார். வாசலைத் தாண்டவில்லை. "என் வாய் பண்ணின தப்பும்மா. அவன் உசிரோட இருந்தா, வெள்ளம் பழைய ஊர மூடறதுக்குள்ள கூப்பிட்டதத் திரும்ப எடுத்துடணும். இல்லேன்னா அவன ஆறு இழுத்துக்கும்" என்றார். பிறகு மெல்ல, "உசிரோட இல்லேன்னா எடுக்கவே கூடாது கும்பா. எடுத்தா அவனுக்கு நிக்க எடமில்லாமப் போயிடும்" என்றார். எதைச் செய்வது என்று என்னிடம் விட்டுப் போய்விட்டார். ஆகஸ்டில் வெள்ளம் வரும்.

ஆகையால் ஒன்று செய். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, உன் கையெழுத்தை நம்பமாட்டாள். வெற்றுத்தாள் ஒன்று இதோடு அனுப்புகிறேன். இடது காலை அதன்மேல் வை. சுற்றிப் பேனாவால் கோடு போட்டு, வெள்ளத்துக்கு முன் திருப்பி அனுப்பு. நான்கு விரல். நீ உயிரோடிருக்கிறாய் என்று அம்மா நம்ப அது போதும்.

உறைக்குள் வைக்க இப்போதுதான் அந்தத் தாளை எடுத்தேன். ஒரு மூலை நனைந்திருக்கிறது. பக்கத்தில் நான் தண்ணீர் வைக்கவில்லை.

நீ என் தோளுக்குப் பின்னால் நின்று இதைப் படித்துக்கொண்டிருந்தால், பெரியவரே, பதில் எழுத வேண்டாம். நான் திரும்பிப் பார்க்கமாட்டேன். கூப்பிட்டதைத் திரும்ப எடுக்க வேண்டாமென்று மாமாவிடமும் சொல்லிவிடுகிறேன். உட்கார். பாய் காய்ந்திருக்கிறது.

உன் காலுக்குத் தரை தட்டட்டும்.

அக்கா,
கும்பா