மஞ்சள் கரு மேல் போட்ட பழி

இன்று காலை மொட்டை மாடியில் மீன்குஞ்சுத் தொட்டியின் ஸ்பாஞ்ச் ஃபில்டரை எடுத்து, வாளித் தண்ணீரில் பிழிந்தேன். மழை விட்ட ஏரிக்கரையின் வாடை எழுந்தது. உனக்கு அது பிடிக்கும். எனக்கு அது மூக்கில் ஏறும்போதெல்லாம் வெட்கமாக இருக்கிறது. நீ கண்ணை மூடி ஒரு வருஷம் ஆகப்போகிறது. உன்னிடம் சொல்லாத ஒன்றை இப்போது எழுதுகிறேன்.

முடிச்சூரில் நமக்கு எதிரெதிர் வீடு. நாம் சேர்ந்து வாங்கிய தங்கமீன்கள் உன் மாடித் தொட்டியில் முதல்முறை முட்டையிட்ட அன்று, இருவருமே வேலைக்கு லீவு போட்டோம். பொரித்து வந்த குஞ்சுகளை எண்ண முயன்று, பாதியில் விட்டுவிட்டுச் சிரித்தோம். பெரிய மீன்கள் தின்றுவிடாமல் குஞ்சுகளைத் தனித் தொட்டிக்கு மாற்றி, அவித்த முட்டையின் மஞ்சள் கருவைக் கரைத்து நீதான் இரை போட்டாய்.

சண்டை வந்தது ஃபில்டரில்தான். தங்கமீன் அழுக்கு பண்ணும், பெரிய மோட்டார் வைத்த ஃபில்டர்தான் சரி என்றேன் நான். நாலு வீடியோ பார்த்த தைரியம். நீ அசையவில்லை. சின்ன ஏர் பம்ப், அதில் ஒரு ஸ்பாஞ்ச். காற்றையும் வால்வைத் திருகிக் குறைத்துவிட்டாய்.

"இதுங்களுக்கு இன்னும் நீந்தவே வரல. மோட்டார் போட்டா இழுத்துடும்டி."

நான் சொல்லாமல் ஒரு பெரிய ஃபில்டரை வாங்கி வைத்திருந்தேன்.

உன் அம்மாவுக்கு ஆபரேஷன் என்று கேளம்பாக்கம் போனபோது சாவியை என்னிடம் கொடுத்தாய். தினமும் கொஞ்சம் பழைய தண்ணீரை எடுத்துவிட்டுப் புதுசு விடச் சொன்னாய். இரண்டாம் நாளே தண்ணீர் கலங்கியது. எனக்குச் சோம்பல். அதைவிட, நான் சொன்னதுதான் சரி என்று உனக்குக் காட்ட வேண்டும் என்ற ஆசை. என் ஃபில்டரை மாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் காலை தண்ணீர் பளிங்காக இருந்தது. ஒரு கணம் பெருமைகூடப் பட்டேன். பிறகுதான் தொட்டியில் எதுவுமே அசையவில்லை என்று உறைத்தது. ஃபில்டரைத் திறந்தேன். உள்ளே இருந்த பஞ்சில், உதிர்ந்த இமைமுடிகளைப் போலக் குஞ்சுகள் ஒட்டியிருந்தன. குழாயடியில் கழுவினேன். ஃபில்டரைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனேன். உன் ஸ்பாஞ்சைத் திரும்பவும் அதே இடத்தில் வைத்தேன்.

நீ வந்து தொட்டியைப் பார்த்தாய். வாய் தானாகப் பொய் சொன்னது.

"நீ கெளம்புறதுக்கு முன்னாடி போட்ட மஞ்சக்கரு ஜாஸ்தியாயிடுச்சு போல. தண்ணி கெட்டுடுச்சு."

நீ தொட்டி விளிம்பைப் பிடித்தபடி நின்றாய். "ஆமா, ஆஸ்பத்திரி டென்ஷன்ல அளவே பாக்கல. நான்தான் கொன்னுட்டேன்" என்றாய். அதோடு நிறுத்தியிருக்கலாம். என் தோளைத் தொட்டு, "பாவம், தனியா பாத்து பயந்திருப்ப. ஸாரிடி" என்றாய்.

அந்த வாரமே பெரிய மீன்களையும் எனக்குக் கொடுத்துவிட்டாய். உன் கைக்கு இது சரிப்படாது என்றாய். நான் மறுத்துப் பேசினேன், உண்மையை மட்டும் விட்டுவிட்டு. தாம்பரம் ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்தபோது ஒருமுறை, "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று தொடங்கினேன். நீ திரும்பிப் பார்த்தாய். உன் புடவை நன்றாக இருக்கிறது என்றேன்.

நீ படுக்கையில் விழுந்த பிறகு, என் தொட்டியில் பொரித்த குஞ்சுகளைப் போனில் காட்டினேன். உன் ஸ்பாஞ்ச், உன் ஏர் பம்ப், உன் முறைதான். மெலிந்த விரலால் திரையைத் தொட்டுச் சொன்னாய்:

"அழகா கீதுங்கடி. மஞ்சக்கருவ மட்டும் பாத்துப் போடு. என்னை மாதிரி பண்ணிடாத."

"சரி" என்றேன்.

நீ போட்ட மஞ்சள் கரு அளவாகத்தான் இருந்தது. நீ எதையும் கொல்லவில்லை.