ஜீப்பில் சுற்றிய உன் குரல்

என் வாயாடித் தங்கச்சி ஜெயாவுக்கு,

இந்த வருடமும் உன்னை ஜீப்பில் ஏற்றிக்கொண்டுதான் போனோம். கார்த்திகையில் காய்ச்சல் என்று படுத்தவள் நீ எழுந்திருக்கவே இல்லை. குரல் மட்டும் வைகாசியில் டாண் என்று வேலைக்கு வந்துவிட்டது.

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும் நம் ஐ.டி.ஐ.யில் சேரச் சொல்லி மலையூர்களில் விளம்பரம் பண்ண வேண்டும் இல்லையா? போன வருடம் நீ பேசிப் பதிந்த பென்டிரைவையே போடச் சொல்லிவிட்டார் பிரின்சிபால். "அந்தம்மா மாதிரி யாரு பேசுவா?" என்றார். எனக்கு வெல்டிங் சொல்லிக்கொடுக்கத்தான் தெரியும். மைக்கைக் கண்டால் பேச்சே வராது என்பது உனக்குத் தெரியாததா?

பூம்பாறை தாண்டியதும் மூடுபனி இறங்கிவிட்டது. முன்னால் டிரைவர் சூசை அண்ணன், பக்கத்தில் நான், தலைக்கு மேல் குழாய் ஸ்பீக்கரில் நீ. "பத்தாவது பாஸானாலும் சரி, பெயிலானாலும் சரி, வாங்க. பொம்பளப் பிள்ளைகளையும் அனுப்புங்க. சந்தேகமா இருந்தா நானே வீட்டுக்கு வந்து பேசுறேன்." இதையே திரும்பத் திரும்பச் சொன்னாய். நடுவில் ஓரிடத்தில் மூச்சு வாங்குகிறாயே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"அழாதீங்க டீச்சர், எனக்கு ரோடு தெரிய மாட்டேங்குது" என்றார் சூசை அண்ணன். அவர் கண்ணிலும் தண்ணீர்.

போளூரில் கேரட் தோட்டத்திலிருந்து ஓடிவந்து ஒரு அம்மா ஜீப்பை மறித்தார். பஞ்சவர்ணம், ஞாபகம் இருக்கிறதா? அவர் வீட்டில் அவித்த உருளைக்கிழங்கைத் தின்றுவிட்டு, "உங்க கவிதா பத்தாவது முடிக்கட்டும், நானே வந்து கூட்டிட்டுப் போறேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தாயாமே. எல்லார் வீட்டிலும் இப்படித்தான் சொல்லிவைத்திருக்கிறாயா?

"எங்க அந்தப் பிள்ள? சத்தம் கேட்டதும் போட்டது போட்டபடி கெடக்கன்னு ஓடியாந்தேன்" என்றார். "எங்க வீட்டுக்காரருக்கு ஐ.டி.ஐ.ன்னா பெயிலான பயலுக போற எடம். பக்கத்து வீட்டுக்காரி, நெருப்புகிட்ட நின்னா மொகம் கருத்துப்போவும், எவன் கட்டுவாங்கிறா. அந்தப் பிள்ள வந்து சொன்னாத்தான் இவருக்கு மண்டையில ஏறும்."

எனக்கு வந்ததே கோபம். "நான் வருசக்கணக்கா வெல்டிங் அடிக்கிறேன். என் மொகத்தப் பாருங்க, கருகியா கெடக்கு?"

அவர் நிதானமாகப் பார்த்தார். "நீங்க பொறந்ததுலேர்ந்தே இந்தக் கலருதான?" என்றார். நீ இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய்.

வாசற்படியில் கவிதா நின்றிருந்தாள். மில்லுக்கு ஆள் பிடிக்கிற புரோக்கர் முந்தின வாரமே வந்து பேசிவிட்டுப் போயிருக்கிறான். சேர்க்கை முடியப் போகிறது. இந்த வருடம் விட்டால் அவளை மில் வேனில் ஏற்றிவிடுவார்கள். அவள் என்னைப் பார்க்கவில்லை, ஜீப்புக்குள் உன்னைத்தான் தேடினாள்.

சொல்லாமல் எப்படி இருப்பது? "அவ இல்லம்மா. போயிட்டா" என்றேன்.

அந்த அம்மா அண்ணாந்து ஸ்பீக்கரைப் பார்த்தார். நீ அந்த நேரம் பார்த்து, "வாங்க, தைரியமா வாங்க" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாய். பஞ்சவர்ணத்தின் முகம் வெளுத்துவிட்டது. மகளை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினார். "செத்தவ கூப்பிட்டா ஏன்னு கேக்கக் கூடாது, கேட்டா கையோட கூட்டிட்டுப் போயிருவா. எம்பிள்ளைய நான் அனுப்ப மாட்டேன்!"

சூசை அண்ணன் படக்கென்று ஸ்பீக்கரை அணைத்தார். நீ போன அன்று ஆஸ்பத்திரியில்கூட அப்படி ஒரு அமைதி இல்லையடி. உன்னை நாங்களே இன்னொரு தடவை கொன்றுவிட்ட மாதிரி இருந்தது.

எனக்குத் திரும்பிப் போகத் தோன்றவில்லை. பனியில் நனைந்துகொண்டு வாசலிலேயே நின்றேன். உன்னை மனசுக்குள் திட்டித் தீர்த்தேன். ஆசை காட்டிவிட்டுப் பாதியில் போனால் இந்தப் பிள்ளைக்கு யார் பதில் சொல்வது?

வெகுநேரம் கழித்துக் கதவுக்கு அந்தப் பக்கமிருந்து பஞ்சவர்ணத்தின் குரல் வந்தது. "நீங்க அவுகளுக்கு என்ன வேணும்?"

"கூடப் பொறந்த அக்கா."

"அப்ப நீங்க கூப்பிடுங்க. உசுரோட இருக்கவ கூப்பிட்டா வரட்டும். அவ அப்பன நான் பாத்துக்கிறேன்."

கூப்பிட்டேன் ஜெயா. முதல் தடவை வெறும் காற்றுதான் வந்தது. பிறகு, "கவிதா!" என்று நான் போட்ட கூப்பாட்டில் தோட்டத்து ஆட்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். "இந்தா வாரேன்க்கா" என்று உள்ளிருந்து பதில் வந்தது. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள், மாற்றுத்துணிப் பையோடு. எப்போதோ கட்டிவைத்திருக்கிறாள், பார்.

"மொகத்த மட்டும் பாத்துக்கங்க டீச்சர்" என்றார் பஞ்சவர்ணம். அழுதுகொண்டேதான் சொன்னார்.

இப்போது அவள் என் வகுப்பில் இருக்கிறாள். முதல் நாள் வெல்டிங் ராடு தகட்டில் ஒட்டிக்கொண்டதும் பயந்து அலறினாள். இப்போது நேர்கோடாகத் தையல் போட்ட மாதிரி இழுக்கிறாள், வாய்தான் ஓய்வதில்லை. அவள் பேச்சுக்கு மற்றப் பிள்ளைகள் சிரிக்கும்போது முகமூடியைத் தூக்கி ஆபீஸ் ஜன்னலைப் பார்த்துவிடுகிறேன். அங்கே உன் நாற்காலியில் வேறு யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள்.

பென்டிரைவ் என்னிடம்தான் இருக்கிறது. அழிக்க மனசில்லை, போட்டுக் கேட்கத் தைரியமும் இல்லை. அடுத்த வைகாசிக்கு நானே பேசுவேன், சத்தியம். பேச்சு திட்டுகிற மாதிரி இருந்தாலும் இருக்கட்டும். நீ எந்தெந்த வீட்டில் வாக்குக் கொடுத்தாய் என்று தெரியாததால் ஒவ்வொரு வீட்டிலும் இறங்கிக் கேட்பேன்.

ஊர்ப் பிள்ளைகளை இனி நீ கூப்பிட வேண்டாம், என் கண்ணு. என்னைக் கூப்பிடு. யார் என்ன சொன்னாலும், "என்னடி?" என்று கேட்பேன்.

உன் சோலியையும் சேர்த்துப் பார்க்கிற
அக்கா ராணி