பூப்போட்ட குடையும் இரண்டு ஓட்டுகளும்

வீட்டிலிருக்கும் என்னவருக்கு,

பத்திரமாக விடுதிக்கு வந்து சேர்ந்தேன்.

நம் ஓட்டுகள் எப்போதும் எதிரெதிர் கட்சிகளுக்குத்தான். அதனால்தான் போனில், "நீயும் வராதே, நானும் போகல, கணக்கு நேராயிடும்" என்றீர்கள். சரியென்று சொல்லிவிட்டு முதல் பேருந்தைப் பிடித்தேன். வாக்குச்சாவடி வரிசையில் எனக்கு முன்னால் நீங்கள், நான் கோபித்துக்கொண்டு விடுதிக்கு வந்தபோது வீட்டிலேயே விட்டுவந்த பூப்போட்ட குடையோடு.

"ஏமாத்தப் பாத்தீங்களா?" என்றேன்.

"நீ வருவேன்னு தெரியும்" என்றீர்கள். குடையை என் பக்கமே சாய்த்துப் பிடித்தீர்கள். உங்கள் தோளெல்லாம் வெயில்.

அறைத்தோழி, "ஓட்டை இங்கயே மாத்திக்கோயேன், எதுக்கு அலைச்சல்?" என்கிறாள். மாற்றுவதாக இல்லை. உங்கள் ஓட்டுக்கு எதிர் ஓட்டுப் போட அங்கே வேறு யார் இருக்கிறார்கள்?

இன்னமும்
அதே முகவரிக்காரி