இன்ஸ்பெக்‌ஷன் பதில்

மாரண்டஹள்ளி,
9.6.2025

அன்புள்ள செல்லி அக்காவுக்கு,

காவியா எழுதுகிறேன். தீர்ப்பு வந்து இரண்டு வருடம் கழித்து இவள் ஏன் எழுதுகிறாள் என்று கோபம் வரும். வரட்டும், திட்டுங்கள்.

போன வாரம் வத்தல்மலைக்குப் போய் உங்கள் அம்மாவைப் பார்த்தேன். சாமைச்சோறு போட்டார். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே, "எம் மவ செஞ்சாளா சாமி? நீ கூடத்தான இருந்த?" என்று கேட்டார். இறந்துபோன மூன்று நோயாளிகளுக்கும் ஊசி போட்டது நீங்கள்தான், பார்த்தேன் என்று கோர்ட்டில் சொன்னேன். அது உண்மை. ஆனால் அம்மாவிடம் அதைச் சொல்லாமல், இன்னும் கொஞ்சம் சோறு போடுங்கள் என்றேன்.

அக்கா, நம் வார்டில் ஊசியில் மருந்து ஏற்றி, பிளாஸ்டரில் பெட் நம்பர் எழுதி ஒட்டுவது ஒருத்தி, போடுவது இன்னொருத்தி இல்லையா? அந்த மூன்று நாளும் ஏற்றியது யார்? உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா?

இப்படிக்கு,
காவியா

பெண்கள் சிறை,
28.6.2025

பிரியமுள்ள காவியா,

திட்டத்தான் பேனாவை எடுத்தேன். அம்மா கையால் நீ சாப்பிட்டாய் என்று படித்ததும் அழுகை வந்துவிட்டது.

யார் ஏற்றியது என்று தெரியவில்லை. சலைன் இருக்க வேண்டிய ஊசியில் பொட்டாசியம் இருந்தது, அதுதான் உயிரை எடுத்தது என்று தீர்ப்பில் இருக்கிறது. ஆறாம் பெட் பச்சியப்பன் ஐயா, "வலிக்கவே இல்லீங்க" என்று சிரித்தாரே, அதன் பிறகு நான்கு நிமிடம்கூட இல்லை. என் கைதான் போட்டது. நான்தான் கொன்றேனோ என்று சில நாள் நானே நம்பிவிடுகிறேன்.

யார் ஏற்றுவது என்று வக்கீல் கேட்டபோது, "போடுகிறவரே ஏற்றுவார்" என்று நானும்தானே சொன்னேன்! விதி அப்படித்தான் என்று, இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருகிறவர்களிடம் சொல்லச் சொல்லி மேட்ரன் மனப்பாடம் செய்ய வைத்த பதில். கூண்டில் நிற்கும்போதும் அதுதான் வந்தது. ஏன் என்று இன்னும் புரியவில்லை.

ஆகஸ்டில் அப்பீல். வார்டில் நடந்ததைச் சொல்ல ஒருவர் வேண்டும், யாரும் வரமாட்டேன் என்கிறார்கள் என்று வக்கீல் நவநீதன் சார் சொன்னார். உன்னை நான் கேட்கவில்லை. உனக்குக் கைக்குழந்தை இருக்கிறது என்றும் அவர் சொன்னார். இங்கே கடிதங்களைப் பிரித்துப் படித்துவிட்டுத்தான் கொடுப்பார்கள், பார்த்து எழுது.

அன்புடன்,
செல்லி

மாரண்டஹள்ளி,
14.7.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நவநீதன் சார் ஆபீஸ் வாசல்வரை இரண்டு முறை போய்த் திரும்பிவிட்டேன். படித்துவிட்டுத்தான் கொடுப்பார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அவர்கள் படித்துவிட்டால் நான் பின்வாங்க முடியாது, அதனால்தான் இதை இந்தக் கடிதத்தில் எழுதுகிறேன். சிறையில் இதைப் பிரித்துப் படிக்கிற அம்மாவுக்கும் வணக்கம்.

அந்த மூன்று நாளும் ஊசிகளில் மருந்து ஏற்றி டிரேயில் வைத்தது நான். சலைனும் பொட்டாசியமும் ஒரே அளவுக் குப்பி, பக்கத்துப் பக்கத்து டப்பா. பெயரைப் படித்துத்தான் உடைத்தேனா என்று எவ்வளவு யோசித்தும் தெரியவில்லை. படித்திருப்பேன் என்று தோன்றுகிறது. அடுத்த நிமிடமே இல்லை என்றும் தோன்றுகிறது. நானா, டப்பாவில் மாற்றி வைத்தவர்களா, அல்லது நீங்களேதானா அக்கா? மன்னியுங்கள், அந்தச் சந்தேகமும் முழுதாகப் போகவில்லை. ஆனால் "போடுகிறவரே ஏற்றுவார்" என்று நான் கோர்ட்டில் சொன்னது பொய். அது மட்டும் நிச்சயம்.

குழந்தை தவழ்கிறாள். நான் எங்காவது போக வேண்டி வந்தால் என் அம்மா பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். எங்கே என்று அவர் கேட்கவில்லை.

இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வந்தால் நவநீதன் சாரிடம் கொடுங்கள். வராவிட்டால், படித்தவர் யாரிடம் சேர்க்க வேண்டுமோ அங்கே சேர்க்கட்டும். யார் கேட்டாலும் என் கையெழுத்துதான்.

மு. காவியா, ஸ்டாஃப் நர்ஸ்,
த/பெ முனியப்பன்,
மாரண்டஹள்ளி, பாலக்கோடு வட்டம்.