பிரெஞ்சுப் படத்தின் மீதிக் கதை

அத்தை, போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் படத்தைப் பார்த்தேன். மாமாவோடு போய் நீங்கள் பார்த்துவிட்டு வந்த அந்தப் பிரெஞ்சுப் படத்தைத்தான். லீவுக்கு வந்த மகள் டிவியில் எதையோ போட்டுவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கறுப்பு வெள்ளையில் ஒரு பாலம். மேலே குண்டு போடுகிற விமானம். ரோடு நிறைய மூட்டை முடிச்சோடு சனங்கள். செத்துப்போன நாய்க்குட்டியைக் கீழே விடாமல் கட்டிக்கொண்டு நடக்கிற ஒரு சின்னப் பெண். நான் துள்ளி எழுந்துவிட்டேன். "இது எங்க அத்தை சொன்ன கதைடீ! இதுல எனக்குத் தெரியாத இடமே கிடையாது" என்று பீற்றிக்கொண்டேன்.

பீற்றல் படம் முடிகிற வரைதான். ரயில் நிலையக் கூட்டத்துக்குள் அந்தப் பெண் அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டே ஓடினாள். திரையில் எழுத்து வந்துவிட்டது.

"என்னடீ, பாதியில நிப்பாட்டிட்ட? மீதியப் போடு."

"அவ்வளவுதாம்மா படம்."

"அட்டை கடிக்கிற காடு எங்க? மூங்கில் குருத்து அவிச்சுத் திம்பாங்களே, அது எங்க? யானை வருமே!"

மகள் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "பிரான்ஸ்ல ஏதும்மா யானை?"

காப்பி போடுகிறேன் என்று அடுக்களைக்குப் போனவள், பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிகிற வரை அப்படியே நின்றேன். இத்தனை வயதுக்குப் பிறகு, பேரன் எடுக்கப்போகிற நேரத்தில், என்னை நீங்கள் எப்படி ஏமாற்றியிருக்கிறீர்கள் என்று அப்போதுதான் விளங்கியது.

சாலைக் கடைத்தெருவில் மாமாவின் பாத்திரக் கடையும் அதன் பின்னால் வீடும். அங்கே என்னைக் கொண்டுவந்து விட்டபோது எனக்கு ஏழு வயது. என் அம்மாவும் அப்பாவும் போன பஸ் கவிழ்ந்து இருவரும் போய்விட்டார்கள். அன்றைக்கு அடைத்த வாயை நான் திறக்கவில்லை. சோறும் இறங்கவில்லை. தங்கை மகள் பேச வேண்டும் என்று மாமா பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார். ஓடு தெறித்ததே தவிர என் உதடு பிரியவில்லை. பக்கத்து வீட்டுச் சரசம்மா மந்திரித்த சரடு கொண்டுவந்து கட்டினாள். வருகிற சனமெல்லாம் "உன் பேரென்ன, பேரச் சொல்லு" என்று என் தாடையைப் பிடித்து ஆட்டினார்கள். நீங்கள் ஒருவர்தான் கேட்காதவர். "விடுங்கோ. வாய் அவ மூஞ்சியிலதான இருக்கு, எங்க போயிரும்?" என்றீர்கள். ஆனால் நான் தொடாத தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனவர், அங்கே சுவரைப் பார்த்து நின்றதை நான் பார்த்திருக்கிறேன். நான் உருகிக்கொண்டு போவது உங்களுக்குத் தெரிந்தே இருந்தது.

அந்த நாளில்தான் ஒரு காலேஜ் வாத்தியார் கடைக்கு உருளி வாங்க வந்து, திரைப்படச் சங்கம் போடுகிற படத்துக்கு இரண்டு பாஸ் கொடுத்துவிட்டுப் போனார். படம் பிரெஞ்சில், கீழே ஓடுகிற எழுத்து இங்கிலீஷில். உங்களுக்குத் தெரிந்தது தமிழும் மலையாளமும். மாமா உட்கார்ந்ததும் குறட்டை விடத் தொடங்கிவிட்டாராம். பாஷை தெரியாமல் என்னத்தைப் பார்த்தாய் என்று அவர் கேட்டதற்கு, "அழறதுக்கும் பசிக்கதுக்கும் பாஷை எதுக்கு?" என்றீர்கள்.

சினிமாவுக்குப் போய்வந்தவள் வளவில் இருக்கிற மற்ற வீட்டுப் பெண்களுக்குக் கதை சொல்லியாக வேண்டும், அதுதான் அங்கே வழக்கம். மறுநாள் மத்தியானம் பின்முற்றத்தில் புளியில் கொட்டை எடுத்துக்கொண்டே சொன்னீர்கள். பெற்றவர்கள் பாலத்தில் குண்டடிபட்டு விழுந்தது, ஒரு பண்ணை வீட்டுப் பையன் அவளைக் கூட்டிப்போனது, இரண்டு பேருமாக, செத்த எலியையும் குருவியையும் புதைத்து விளையாடியது. "அய்யோ, பாவம் குட்டி" என்று சரசம்மா மூக்கைச் சிந்தினாள். "அந்தப் பயலுக்கும் அவளுக்கும் கல்யாணம் ஆச்சா?" என்று ஒருத்தி கேட்க, "சின்னப் பிள்ளையாக்கும்டீ அவ, மூதேவி!" என்று ஒரு புளியங்கொட்டையை எடுத்து அவள்மேல் எறிந்தீர்கள். கடைசியில் ரயில் நிலையம், கூட்டம், ஓட்டம். "தீந்துது" என்று மடியை உதறினீர்கள்.

"பொறவு?"

கேட்டது நான்தான். பஸ் கவிழ்ந்த பிறகு நான் பேசிய முதல் வார்த்தை அது.

சரசம்மா கூவப் போனாள். நீங்கள் கையைக் காட்டி அடக்கினீர்கள். என்னைக் கட்டிப்பிடிக்கவில்லை, ஒன்றும் செய்யவில்லை. மறுபடி சம்மணம் போட்டு உட்கார்ந்தீர்கள். "பொறவு இல்லாமலா? பெரிய படமாக்கும் மக்களே அது. ஆனா மீதி வரணும்னா இந்த ஒரு உருண்டைச் சோறு உள்ள போகணும்."

நான் வாயைத் திறந்தேன்.

உருண்டைக்கு ஒரு காட்சியாகப் படம் நாள்கணக்கில் ஓடியது. கூட்டத்தில் ஒரு உப்பு விற்கிற கிழவி அவள் கையைப் பிடித்து "வா மக்களே" என்றாள். காடும் மலையுமாக நடந்தார்கள். மரத்திலிருந்து அட்டை விழுந்தது. கிழவி உப்பைத் தேய்த்து அதைப் பிடுங்கினாள். ராணுவக்காரன் தகரக் குவளையில் கஞ்சி ஊற்றினான். யாரோ ஒரு சொந்தக்காரர் வீட்டில் வளர்ந்தாள், வெல்லம் திருடி அடி வாங்கினாள். கடைசியில் சினிமாக் கொட்டகையில் குறட்டை விடுகிற ஒரு பாத்திரக் கடைக்காரனுக்கு வாழ்க்கைப்பட்டாள் என்றபோது, பெண்கள் எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன், எதற்கென்று தெரியாமலே. கடைவாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த மாமா சிரிக்கவில்லை. "கெட்டின நாள்ல இருந்து கேக்கேன், எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னதில்ல" என்று துண்டால் கண்ணைத் துடைத்தார். படத்தைத் தூங்கிக் கோட்டைவிட்ட வருத்தம் என்று நினைத்துக்கொண்டேன்.

நீங்கள் ரங்கூனில் பிறந்தவர் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். யுத்தத்தின்போது அங்கிருந்து காடும் மலையுமாக நடந்தே வந்த கூட்டத்தில் வந்தவர், பெற்றவர்கள் வந்து சேரவில்லை என்பது நான் வளர்ந்த பிறகு காதில் விழுந்தது. அதற்கு மேல் யார் கேட்டாலும் "அது போட்டு, விடு" என்று பேச்சை மாற்றிவிடுவீர்கள். கடைசி வரை அப்படித்தான் இருந்தீர்கள். போன ஞாயிற்றுக்கிழமை அடுப்பு முன்னால் நின்ற எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. என்னிடமாவது சொல்லியிருக்கலாமே என்று. பிறகுதான் உறைத்தது, சொன்னதே என்னிடம்தான் என்று. யாருக்கும் திறக்காத பெட்டியை, ஒரு பிள்ளை நாலு வாய் சாப்பிட வேண்டும் என்று திறந்திருக்கிறீர்கள். அழுதேன் அத்தை. வழிந்த பாலைத் துடைத்துக்கொண்டே அழுதேன். அப்புறம் அந்தக் குறட்டைக் கடைக்காரன் ஞாபகம் வந்து சிரித்துத் தொலைத்தேன்.

படத்தின் கடைசி நாளைச் சொல்லாமல் இந்த மடலை முடிக்க முடியாது. நான் அத்தனை நாளும் மனசில் வைத்திருந்ததை அன்றைக்குத்தான் கேட்டேன். "அத்தே, அவ அம்மா திரும்பி வந்தாளா?"

பிரான்சில் யானையை விட்டவருக்கு ஒரு அம்மாவைக் கொண்டுவருவது பெரிய காரியமா? செய்யவில்லை நீங்கள்.

"வரல்ல மக்களே. வர மாட்டா."

"பொறவு?"

"பொறவு அவளும் வளந்து பெரிய பொம்பளை ஆனா. கடை நெறையப் பாத்திரம், வீட்டுல உண்ண ஒரு பிள்ளை இல்ல. அப்பம் ஒரு நாள் அந்த வீட்டுக்கு ஒரு குட்டி வந்துது. வாயத் தொறக்காது, சோறு திங்காது."

"அது பேசிச்சா?"

முந்தானையால் என் வாயைத் துடைத்துவிட்டுச் சொன்னீர்கள்: "பேசிச்சாவா? தொடங்கினது நிக்கவே இல்ல. சாலைத் தெருவுக்கே தலவேதனை."

நேற்று மகளை உட்காரவைத்து மீதிப் படத்தைச் சொன்னேன். காலைக் காப்பியோடு தொடங்கியது, மத்தியானச் சாப்பாட்டைத் தாண்டியும் ஓடியது. "அம்மா, கொஞ்சம் மூச்சு விட்டுக்கோ" என்றாள். எங்கே விடுவது? இன்னும் நிற்கவில்லை, அத்தை.